கூப்பிடு தூரம்

செஞ்சிக்கு ரயில் கிடையாது. எனக்குக் கல்யாணம் பேசும்போது இதை யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குச் சொந்தமாக மல்லாட்டை மண்டி, மாடி வீடு, மாமியார் அதிகம் பேச மாட்டார் என்றெல்லாம் சொன்னார்கள். கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். தாலி கட்டி, பஸ்ஸில் ஏற்றி, திண்டிவனம் தாண்டி மேற்கே போகப் போக, ரயில் சத்தம் எப்போது கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டே வந்தேன். பஸ் நின்றது, இறங்கச் சொன்னார்கள். சுற்றிலும் பாறை. "ஸ்டேஷன் எங்கே?" என்று கேட்டேன். "போலீஸ் ஸ்டேஷனா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

நான் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். நைனா, அதாவது என் அப்பா, கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. எங்கள் வீட்டுக் கடிகாரத்தை யாரும் பார்க்க மாட்டோம். காலைப் பாசஞ்சர் போனால் உலை வைக்க வேண்டும், மதியம் எக்ஸ்பிரஸ் போனால் தண்ணீர் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் நேரம். லீவு நாளில் நைனாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. பாஸ் இருக்கிறதே, என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு பாசஞ்சரில் ஏறுவார். ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, ஏரிக்கரை, வாய்க்கால் கரை என்று நடந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போய், சாயங்கால வண்டியில் திரும்புவோம். "எதுக்கு நைனா?" என்றால், "சும்மாதான்" என்பார். அந்தச் சும்மாவில்தான் நான் கெட்டுப்போனேன்.

செஞ்சியில் சும்மா என்று யாரும் எங்கேயும் போவதில்லை. வாசலைத் தாண்டினால், "எங்க போறீங்க? கோயிலா? இன்னா விசேஷம்?" என்று பஜார் முழுக்கக் கேட்கும். மலைமேல் இருக்கிற கோட்டையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்து, வழி கேட்டு, வியர்க்க விறுவிறுக்க ஏறிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் ஏறியதில்லை. ஒரு நாள் மாமியாரிடம் கேட்டேன்: "அத்தை, ஒரு தபா மேல போயிட்டு வரலாமா?" அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அங்க இன்னா இருக்குது? கல்லு. இங்கயே இருக்குதே கல்லு, அம்மிக் கல்லு. அத்தப் பாரு."

அப்போது அறுபதுகளின் நடுவில் இருக்கும். கல்யாணமாகி இரண்டு வருஷம். குழந்தை இல்லை என்று ஊரே என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானோ என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து மாடி, மாடியிலிருந்து மண்டிக் கொல்லை. ஒரு நாளைக்கு எத்தனை நடை நடந்தாலும் அதே வீட்டுக்குள்தான். சில நாள் மத்தியானம் மாடியில் நின்றால் கத்த வேண்டும் போல இருக்கும். பாறைகளைப் பார்த்து எரிச்சலாக வரும். ஒன்றாவது ஓர் அடி நகர்ந்து தொலையக் கூடாதா?

என் சீரோடு வந்த ஒரு சாமானை யாரும் கவனிக்கவில்லை. நைனாவின் பழைய ரயில்வே டைம்டேபிள். பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். மண்டியிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு, அதில் நடைகளை எழுத ஆரம்பித்தேன். பக்கத்துக்கு ஒரு ஸ்டேஷன். திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். எந்த வண்டியில் போய் எங்கே இறங்குவது, எந்தக் கரையில் நடப்பது, எங்கே நிழல், எங்கே குடிக்கிற தண்ணீர், எந்த வண்டியில் திரும்புவது. வண்டி நேரம் டைம்டேபிளில் இருந்தது. மீதியை யாரைக் கேட்பது?

மண்டிக் கொல்லையில் மல்லாட்டை உரிக்க வரும் பெண்களில் ஒருத்திக்கு அம்மா வீடு வீடூர் பக்கம். அங்கே அணை கட்டி அப்போது சில வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்பேன். மாமியார் என்னைக் கெட்டிக்கார மருமகள் என்று நினைத்திருப்பார்.

"பேரணி டேசன்ல எறங்கி கெழக்கால போனா அணை வருதும்மா," என்றாள் அவள். "அணைக்கி கீழ வாய்க்கா. கரையோட போனா மொத மதகு, ரெண்டாவது மதகு, மூணாவது மதகு. அதுல இருந்து ஒரு கூப்புடு தூரத்துல பெரிய புளியமரம். அங்க குந்தினா எழுந்துக்கவே மனசு வராது."

"கூப்பிடு தூரம்னா எவ்வளவு? ஒரு பர்லாங்கு இருக்குமா?"

"பர்லாங்கு எனுக்கு இன்னா தெரியும்? இங்க இருந்து கூப்ட்டா அங்க கேக்கணும். அவ்ளோதான்."

"யார் கூப்பிட்டா?"

அவள் சிரித்துவிட்டாள். "நீ கூப்ட்டா கேக்காது. என் வூட்டுக்காரன் கூப்ட்டா பத்து ஊருக்குக் கேக்கும்."

"அங்கே என்னதான் இருக்குது?"

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி ஓடும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அவள் சொன்னபடியே நோட்டில் எழுதினேன்: மூன்றாவது மதகு, ஒரு கூப்பிடு தூரம், புளியமரம். பேரணிப் பக்கத்தை எத்தனை தடவை எழுதி அடித்து எழுதினேனோ தெரியாது. தாள் மெலிந்தே போயிற்று.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் துணி தேடப் போய் நோட்டைக் கண்டுபிடித்துவிட்டார். நல்ல மனுஷர், ஆனால் மண்டிக்காரர். எதைப் பார்த்தாலும் எடை என்ன, ஈரம் எவ்வளவு என்று கேட்கிற புத்தி. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல்லாம் இன்னா? யார் ஊரு?" என்றார்.

"யார் ஊரும் இல்ல. நடக்கிறதுக்கு."

"நடந்து?"

"நடந்துட்டு வர்றதுக்கு."

அவர் நோட்டை மறுபடியும் புரட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கி அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது. இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது, அந்த வாய்க்கால் கரையில் ஒரே ஒரு தடவை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொன்னேன். அவர் பயந்தே போனார்.

"ஒரு தபா போயிட்டு வந்தா மனசு அடங்கிடுமா?"

"அடங்கிடும்."

"அப்பறம் இந்த நோட்டு?"

"இதுல ஒண்ணுமில்லன்னு உங்களுக்குத் தோணிச்சுன்னா, வந்த அன்னைக்கே அடுப்புல போட்டுடறேன்." வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நோட்டில் பதினாலு நடை இருந்தது. அத்தனைக்கும் அந்த ஒரு நடைதான் பதில் சொல்ல வேண்டும்.

மார்கழி அமாவாசைக்கு நாள் குறித்தோம். அமாவாசைக்கு அமாவாசை மண்டி அடைப்பு. மாமனார் உயிரோடு இருந்ததால் இவருக்கு அமாவாசைக் கடன் எதுவும் இல்லை. வீட்டில் வாய்க்காலைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிடுவார்கள். அதனால் மயிலம் முருகன் கோயிலுக்கு என்று சொன்னோம். குழந்தை வரத்துக்கு என்று மாமியாரே சேர்த்துக்கொண்டார். நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் அந்த அமாவாசை திங்கட்கிழமையில் வந்தது. திங்கட்கிழமை கிழக்கே சூலம். திண்டிவனம் கிழக்கே. சூலம் இருக்கிற திசையில் பயணம் தொடங்கினால் போன காரியம் உருப்படாது. மாமியார் இதற்கும் வழி வைத்திருந்தார், பரஸ்தானம். முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, போகிற திசையில் வேறொருவர் வீட்டில் நம் பையைக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் சூலம் ஒன்றும் செய்யாது. இரண்டு மாற்றுத் துணி, நடுவில் என் நோட்டு, எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை மாமியாரே திண்டிவனம் ரோட்டு எண்ணெய்ச் செக்குக்காரர் வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலமே இவர் பின்வாங்கினார். "மண்டி அடைப்புதான், ஆனா நாளைக்கி வல்லத்துல இருந்து சரக்கு வருதாம். அடுத்த அமாவாசைக்கிப் போலாமே." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் திறந்தார்.

"இன்னாடா பேசற? பை வெளிய போயிட்ச்சு. போன பைய வெறுமனே வூட்டுக்குள்ள எடுத்தாருவியா? தலைமேல கேடு தேடிக்கப் போறியா? சரக்க உங்கப்பா பாத்துப்பாரு. கெளம்பு!"

என் ஆயுளில் நான் மாமியாரைக் கும்பிட நினைத்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை ராகு காலத்துக்கு முன்னால், சூலத்துக்குப் பரிகாரமாக ஆளுக்கு ஒரு வாய் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். வழியில் செக்குக்காரர் வீட்டில் பையை வாங்கினார் இவர். "போய்ச் சேர்ற வரைக்கும் பைய கைமாத்தாத" என்று அவர் அம்மா சொல்லியிருந்தார். அதனால் மஞ்சள் பை அவர் கையில், புளிச்சோற்றுத் தூக்கு என் கையில். திண்டிவனத்தில் ரயில் ஜனங்களால் பிதுங்கிக்கொண்டு வந்தது. நான் பெண்கள் பெட்டியில் ஏறினேன். அவர் பக்கத்துப் பெட்டியில் தொத்திக்கொண்டார். "பேரணி, மூணாவது ஸ்டேஷன் இல்ல, ரெண்டாவது" என்று விரலைக் காட்டிச் சொன்னேன். தலையாட்டினார். கரி எஞ்சின் ஊதியதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டு வருஷம்! மயிலம் வந்தபோது மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முருகா, இன்னைக்கு மட்டும் மன்னிச்சுக்கோ.

பேரணியில் வண்டி ஒரு நிமிஷம்தான் நிற்கும். நான் குதித்து இறங்கிவிட்டேன். அவர் இறங்கவில்லை. பக்கத்துப் பெட்டிக்கு ஓடினேன். ஜன்னலில் அவர் முதுகு தெரிந்தது. யாரோ ஒரு வியாபாரியோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். மல்லாட்டை விலைதான், வேறென்ன?

"ஏங்க!" என்று கத்தினேன். அந்தப் பெட்டியில் இருந்த ஏழெட்டு ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் திரும்பவில்லை. "ஏங்க! ஏங்க! இன்னாங்க!" இன்னும் நாலு பேர் திரும்பினார்கள். அவரவருக்கு அவரவர் பொண்டாட்டி ஞாபகம். பெண்கள் பெட்டியிலிருந்து ஒரு அம்மாள் தலையை நீட்டி, "பேரச் சொல்லிக் கூப்புடும்மா, வண்டி போவுது!" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எனக்கு நினைவு தெரிந்த நாளாய்க் காதில் ஓதியிருந்தார்கள். பேர் தொண்டை வரை வந்து நின்றது. வண்டி என் புருஷனையும் என் நோட்டையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பிளாட்பாரத்தில் நானும் தூக்கும்தான். புகை கலைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, சுற்றிலும் ஒருவரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவர் பேரைச் சொன்னேன். கோபத்தில் சொன்னேன். கூடவே ஒரு திட்டும் சேர்த்துச் சொன்னேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அழாதம்மா, விக்கிரவாண்டிக்கு போன் பண்ணி எறக்கச் சொல்றேன். ஆள் பேரு இன்னா?" என்றார்.

மறுபடியும் பேரா! தனியாகச் சொல்லலாம், ஒரு ஆம்பிளை எதிரில் எப்படிச் சொல்வது? "மயிலத்துல இருக்காரே, அவரு பேருங்க."

"மயிலத்துல ஆயிரம் பேர் இருக்கான்."

"மலை மேல இருக்கிறவரு."

"ஓ, முருகனா?"

"அந்த சாமிதான். அந்தப் பேரு இல்ல."

அவர் விரல் விட்டு எண்ணினார். சுப்பிரமணியன், சண்முகம், ஆறுமுகம், கந்தசாமி, வேலாயுதம். எனக்குத் தலையாட்டி ஆட்டிக் கழுத்து வலித்தது. பன்னிரண்டு பேர் சொல்லிவிட்டார். அந்தப் பன்னிரண்டிலும் இவர் பேர் இல்லை. முருகனுக்கு ஏன் இத்தனை பேர் வைத்தார்களோ! கடைசியில் போனை எடுத்து, "முருகன் பேர்ல ஒருத்தரு, இன்ன முருகன்னு தெரியல, கையில மஞ்சப் பை" என்று சொன்னார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து மணி அடித்தது. கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "மூணு பேர் எறங்கியிருக்காங்களாம். மூணு பேர்கிட்டயும் மஞ்சப் பை. அதுல உன் ஆளு எவருன்னு அங்க தெரியல. அடுத்த வண்டி பன்னண்டரைக்கி. இங்கயே பெஞ்சுல குந்தி இரு."

உட்கார்ந்தேன். எழுந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். மணி பத்தரைகூட ஆகவில்லை. அவர் பன்னிரண்டரை வண்டியில் வந்தால், அதற்கு மேல் அணைக்குப் போய்த் திரும்பச் சாயங்கால வண்டியைப் பிடிக்க முடியாது. டைம்டேபிள் எனக்கு மனப்பாடம், ஏமாற்றிக்கொள்ள வழியில்லை. இப்படியே திரும்பினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? சூலத்தில் போனாள், இப்படித்தான் ஆகும். நோட்டு அடுப்புக்குள் போகும். கிழக்கே ஒரு மாட்டு வண்டிப் பாதை வெயிலில் பளிச்சென்று கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பினேன். கழுத்து தானாகத் திரும்பியது.

"சார், அவரு வந்தா வாய்க்கா பக்கம் போயிருக்கேன்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர், "ஏம்மா! ஏம்மா!" என்று பின்னாலேயே கத்தினார். நான் திரும்பவில்லை. கூப்பிட்டும் திரும்பவில்லை என்று என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேனே, நான் மட்டும் என்ன யோக்கியம்?

நடந்தேன். ஐயோ, எப்படி நடந்தேன்! செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். யாரும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லப் பதில் இல்லை, அதுவே சந்தோஷமாக இருந்தது. அணைக்கரையில் ஏறினேன். மழை நல்ல மழை அந்த வருஷம், தண்ணீர் நிறைய நின்றது. செஞ்சியைச் சுற்றிக்கொண்டு வருகிற அதே ஆறுதான் இங்கே வந்து நிற்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த ஊரிலிருந்து தப்பித்தது நான் மட்டுமில்லை.

வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் நெல். முதல் மதகு வந்தது. நான் எழுதியபடி வந்தது! இரண்டாவது மதகும் வந்தது. மூன்றாவது மதகின் கட்டையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டேன். ஜில்லென்று ஏறியது. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் உட்கார்ந்திருப்பது போல இல்லை.

அந்தச் சந்தோஷம் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டால், பன்னிரண்டரை வண்டி தூரத்தில் ஊதுகிற வரை. ஊதல் கேட்டதும் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது அவர் பேரணியில் இறங்கியிருப்பார். நான் இல்லை. இல்லை, இறங்கவே இல்லையோ? அந்த மூன்று பேரில் அவர் இல்லையோ? நான் கத்தியதை யாரோ சொல்லி, ஓடுகிற வண்டியிலிருந்து குதித்திருப்பாரோ? பேரைச் சொன்னேனே! திட்டோடு சேர்த்துச் சொன்னேனே! ஒரு வாய்க்காலுக்காகப் புருஷன் ஆயுசை வாயால் குறைத்துவிட்டேன் என்று நிஜமாகவே நம்பினேன். தூக்கைத் திறக்கவில்லை. எழுந்து திரும்பிப் போகலாமா, வழியில் மாறிப் போய்விட்டால்? இங்கேயே இருக்கலாமா, வராவிட்டால்? கரையில் பத்தடி அந்தப் பக்கம், பத்தடி இந்தப் பக்கம் என்று நடந்துகொண்டே இருந்தேன்.

எங்கேயோ யாரோ யாரையோ கூப்பிடுவது கேட்டது. நடவு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ பிள்ளையைத் தொலைத்துவிட்டு அலைகிறார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் கேட்டது. மறுபடியும். ஆம்பிளைக் குரல், கரகரத்துப் போன குரல். அந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன்.

என் பேர்.

இரண்டு வருஷமாக யாரும் அதைச் சொல்லவில்லை. மாமியாருக்கு நான் "இன்னாம்மா", பஜாருக்கு நான் மண்டி வீட்டு மருமகள், இவருக்கு "இந்தா". என் பேரே எனக்குக் கேட்டால் புரியாத அளவுக்கு ஆகிவிட்டிருந்தது. அவர் ரயிலடியில் என்னைக் காணாமல், ஸ்டேஷனிலிருந்து அந்தப் பேரைக் கத்திக்கொண்டே வந்திருக்கிறார். கரை வளைவில் ஒரு சைக்கிள் தெரிந்தது. ஹாண்டில்பாரில் மஞ்சள் பை.

"ஏங்க!" என்று கத்தினேன். வேறென்ன சொல்வேன்? இந்தத் தடவை ஒரே ஒருவர்தான் திரும்பினார்.

வந்து சைக்கிளைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மூச்சு வாங்கியதில் திட்ட முடியவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, இடது மணிக்கட்டில் வாட்ச் இல்லை. பன்னிரண்டரை வண்டி வரை அவரால் பொறுக்க முடியவில்லையாம். விக்கிரவாண்டி சைக்கிள் கடைக்காரன் ஊர் பேர் தெரியாதவனுக்கு வாடகைக்குக் கொடுக்க மாட்டேன் என்றானாம். கல்யாணத்துக்கு என் நைனா போட்ட வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"விக்கிரவாண்டில இன்னா கத்தினாங்க தெரியுமா?" என்றார், தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு. "'முருகன் பேரு வெச்சவங்க, மஞ்சப் பை வெச்சிருக்கிறவங்க, பொண்டாட்டிய பேரணியில வுட்டுட்டு வந்தவங்க, எறங்குங்க!' மூணு பேர் எறங்கினோம். ஒர்த்தன் எறங்கினப்புறம்தான் சொல்றான், அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க இந்த எடத்த?" என்றேன்.

பையிலிருந்து நோட்டை எடுத்தார். பேரணிப் பக்கம் வியர்வையில் நனைந்திருந்தது. "ஸ்டேஷன் மாஸ்டரு வாய்க்கான்னு சொன்னாரு. எந்த வாய்க்கான்னு எனுக்கு இன்னா தெரியும்? இத்தப் பாத்துதான் வந்தேன். கெழக்கால போ, அணை, மொத மதகு, ரெண்டாவது மதகு, எல்லாம் கரெக்டா இருக்குது." பிறகு நோட்டில் விரலை வைத்து, மண்டியில் ஈரம் பார்க்கிற அதே முகத்தோடு, "ஆனா ஒண்ணு தப்பு. புளியமரம்னு போட்டிருக்கியே, அது வாகை மரம். அங்க பாரு."

பார்த்தேன். வாகைதான்.

"தூரம் சரியா போட்டிருக்க. நான் அந்த வளைவுல இருந்து கூப்ட்டது உனுக்கு இங்க கேட்டுது, மரமும் இங்க இருந்து அவ்ளோ தூரம்தான்."

புளிச்சோற்றை மரத்தடியில் வைத்துச் சாப்பிட்டோம். அவர் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரில் காலை விட்டார். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயம். ரொம்ப நேரம் கழித்து, "மணி இன்னா இருக்கும்?" என்று வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். தூரத்தில் ஒரு வண்டி ஊதியது. "மூணு பத்து" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து விக்கிரவாண்டிக்குப் போனேன். சைக்கிளைக் கொடுத்து வாட்சை வாங்கிக்கொண்டோம். சாயங்கால வண்டியில் திண்டிவனம். அங்கே மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம். செஞ்சி வரை பஸ்ஸில் ஒரு காலில் நின்றுகொண்டு வந்தோம். வழியெல்லாம் எனக்கு அடுப்பு ஞாபகம்தான். அவர் சொல்லவே இல்லை, நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை, ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று நாலு தடவை வாயெடுத்தேன், நாலு தடவையும் மூடிக்கொண்டேன். மஞ்சள் பை அவர் கையில் ஆடிக்கொண்டே வந்தது.

வீட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். மாமனார் ஈஸிசேரில். மாமியார் கை நீட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "துண்ணூறு எங்கடா? மொதல்ல இவளுக்கு வெச்சு வுடு."

விபூதி! அதை யோசிக்கவே இல்லையே. திண்டிவனத்தில் ஒரு பொட்டலம் வாங்கியிருக்கலாம். பொய் சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பொய்யை முடிக்கத் தெரியவில்லை. இவர் ஏதாவது சமாளிப்பார் என்று முகத்தைப் பார்த்தேன்.

"கோயிலுக்குப் போவலம்மா," என்றார் இவர். "வாய்க்காலுக்குப் போனோம்."

"வாய்க்காலுக்கா? எந்த வாய்க்கா? அங்க இன்னா இருக்குது?"

"ஒண்ணுமில்ல. தண்ணி ஓடுது."

அவ்வளவுதான், நோட்டு போயிற்று என்று நினைத்தேன். அவரே சொல்லிவிட்டார், ஒன்றுமில்லை என்று. மாமியார் வாயைத் திறந்தபடி நின்றார். இவர் பையைக் கீழே வைத்து, நோட்டை வெளியே எடுத்தார். சட்டைப் பையிலிருந்து மண்டிப் பென்சிலை எடுத்து, புளியமரத்தை அடித்து, வாகை என்று எழுதினார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். அவர் அம்மா எதிரில், அவர் அப்பா எதிரில், தெருவுக்கே கேட்கும்படி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அடுத்த அமாவாசைக்கி எந்த ஸ்டேஷன்?"

"முண்டியம்பாக்கம்," என்றேன்.